அர்த்தநாரியின் வண்டி ஓடிக்கொண்டிருந்த ஆறு வருடம்

பஞ்சுக்கிடங்கு வீதியில் பால் திரியாமல் போன வருடங்களைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள். மாவு விற்கிற சரசக்கா தன் பிழைப்பில் மண் விழுந்ததிலிருந்து ஆரம்பிப்பாள், சங்கத் தலைவர் துரைசாமி தான் எடுத்த நடவடிக்கைகளிலிருந்து ஆரம்பிப்பார். ஆனால் முறையாகச் சொல்வதென்றால் மயிலாத்தாளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆறு வருடத்தையும் கையில் பிடித்து வைத்திருந்தவள் அவள்தான், அவள் விட்டிருந்தால் எட்டே நாளில் எல்லாம் முடிந்திருக்கும்.

கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறைகள் ஒன்றோடொன்று தோளிடித்து நிற்கிற பக்கம் அந்த வீதி. அதில் அர்த்தநாரிக்கு ஒரு பட்டறை, பட்டறைக்குப் பின்னால் ரெண்டு அறை வீடு, வீட்டுக்குள் மயிலாத்தாள். பிள்ளைகள் இல்லை. பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் வண்டி. கலியாணமாகி ரெண்டாம் வருடம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கோழி அடைத்து வைத்திருந்த பழைய அமெரிக்கக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவன், மூன்று நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்து, நாலாம் நாள் லாரி வைத்துக் கொண்டுவந்து இறக்கினான். கோழி எச்சத்தைச் சுரண்டியவள் மயிலாத்தாள். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் இருந்தது, அதற்குப் பேர் ஹாட் ராடாம்: பழைய காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றிப் போட்டு, முன்பக்கம் பணிந்து பின்பக்கம் எழும்பி நிற்கிற மாதிரி செய்து, அதன் தகுதிக்கு மீறின எஞ்சினை வயிற்றுக்குள் திணித்து, வேகத்துக்காகவே செய்கிற வண்டி. மிலிட்டரிக்காரர்கள் ஏலம் விட்ட லாரியிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் வந்தது. பக்கத்துக்கு நாலு குழாய், சைலன்சர் கிடையாது.

ஏழு வருடம் செய்தான். வீதியே கூடிப் பூசணிக்காய் உடைத்த அன்றைக்கு, அர்த்தநாரி வண்டிக் கதவைத் திறந்தான், சாத்தினான், மறுபடி திறந்தான், சாத்தினான், மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி தரையில் உதிரி உதிரியாகக் கிடக்கிறது.

“ஏனுங்க, என்னாச்சுங்க?” என்றாள் மயிலாத்தாள்.

“கதவு சாத்தற சத்தம் சரியில்ல.”

அவ்வளவுதான். ரெண்டாம் முறை எட்டு வருடம். அப்போது முன் ஆக்சில் கால் இஞ்ச் உயரமாம், பிரித்துவிட்டான். மூன்றாம் முறை ஆறு வருடம், அப்போது என்ன குறையென்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. குடிக்கிறவனா, கிடையாது. கை நீட்டுகிறவனா, அதுவும் கிடையாது. பேச்சுதான் கிடையாது. ஒரு நாளைக்கு “சோறு”, “தண்ணி”, “கரண்ட் போச்சு” என்று மூன்று வார்த்தை வந்தால் அதிகம். மத்ததெல்லாம் கொட்டகைக்குள் அந்த இரும்போடுதான். வீதிப் பெண்கள் குழாயடியில் நின்றுகொண்டு “உன் சக்களத்தி எப்படி இருக்கறா மயிலு?” என்று கேட்பார்கள், இவளும் “அவளுக்கென்ன, தெனமும் எண்ணெய் தேச்சுக் குளிக்கறா” என்று சிரித்துவிட்டு வருவாள், வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். இருபத்தேழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்த மனுசன் மனசுக்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது.

நாலாம் முறை வண்டி முடிகிற சமயத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வந்தது. சின்ன வயதில் ஃபவுண்டரியில் மணலடிக்கிற வேலை பார்த்தவன், அந்த மணலெல்லாம் நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பத்து நாள்மா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க” என்றார். மயிலாத்தாள் அந்தப் பத்தை ஆண்டவன் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் அவன் விரலால் கூப்பிட்டான். அவள் காதை வாயோடு ஒட்டிவைத்தாள், குரலில்லை, வெறும் காற்று.

“வண்டிய ஒருக்காக் கெளப்பு மயிலு. கேக்கறேன்.”

இருபத்தைந்து வருடமாக அவள் தொடாத வண்டி அது. போய்ச் சாவியைத் திருகினாள், எட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன, கொட்டகைத் தகரம் அதிர்ந்து ஆணி ஒன்று கழன்று அவள் முன்னால் விழுந்தது. உள்ளே ஓடி வந்து பார்த்தால் மனுசன் சிரித்துக்கொண்டு கிடக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் போய் அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஓடட்டும் என்று விட்டாள். அன்றைக்கு ஓடியது, மறுநாளும் ஓடியது, பெட்ரோல் தீரத் தீர ஊற்றினாள், போகிற உயிர் சந்தோஷமாகப் போகட்டும் என்றுதான்.

போகவில்லை. பத்தாம் நாளும் போகவில்லை, இருபதாம் நாளும் போகவில்லை. தினமும் வந்து பார்க்கிற நர்ஸ் ஸ்டெல்லா அவள் காதில் வாயை வைத்து, “அக்கா, நாடி அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்குது, ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. இத்தன நாளா தாடி ஒரு மயிர் வளரல பாருங்க” என்றாள். மயிலாத்தாள் அப்போதுதான் தன் தலையில் இருக்கிற மல்லிகைப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். என்றைக்கு வைத்தது என்று அவளுக்கே ஞாபகமில்லை, பூ அப்போதுதான் பறித்த மாதிரி ஈரமாக இருந்தது. அதே நேரத்துக்கு வெளியே சரசக்கா ரெண்டு கையிலும் மாவுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு நடுவீதியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள், எஞ்சின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது: மாவு புளிக்கவில்லை.

பஞ்சுக்கிடங்கு வீதிக்காரர்கள் பயந்தார்கள் என்று நினைத்தால் தப்பு. எதைப் பார்த்தாலும் பயப்படுவதற்கு முன்னால் அளவு எடுக்கிற கூட்டம் அது. வீதி நெடுக வாசலுக்கு ஒரு டம்ளர் பால் வைத்தார்கள், மறுநாள் எது திரிந்தது எது திரியவில்லை என்று பார்த்துக்கொண்டே நடந்தார்கள், கிழக்கே தண்ணித் தொட்டி வரைக்கும் மேற்கே மாவு மில் வரைக்கும் சத்தம் எட்டுகிற இடத்தில் ஒன்றும் கெடவில்லை என்று தெரிந்ததும் ரெண்டு இடத்திலும் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் அழுகாது, எதுவும் பழுக்காது, வயசு ஏறாது, காயமும் ஆறாது. கையில் வெட்டுப்பட்டவர்கள் கோட்டுக்கு வெளியே தொட்டியடியில் கல் போட்டு உட்கார்ந்து காயம் ஆற்றிக்கொண்டார்கள், சாயங்காலம் அங்கே கட்டுப் போட்ட கைகளோடு பெரிய அரட்டை நடக்கும். சரசக்கா மாவை ஆட்டோவில் ஏற்றித் தொட்டிக்கு அந்தப் பக்கம் தங்கச்சி வீட்டில் புளிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவந்தாள். கொண்டுவந்த மாவு அதே பதத்தில் மாசக்கணக்கில் நிற்க, ஊரெல்லாம் பேர் வாங்கி இன்னும் ரெண்டு கிரைண்டர் வாங்கினாள், ஆனாலும் வாய் ஓயாமல் மயிலாத்தாளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். தாய்வீடு இல்லாத கோகிலா பிரசவத்துக்கு எங்கும் போகாமல் வீதிக்குள்ளேயே இருந்து பன்னிரண்டு மாதம் சுமந்தாள், மாமியார் “வயித்துல யானைக்குட்டியா வெச்சிருக்கற?” என்று கேட்ட கோபத்தில் வெளியே நடந்தவளுக்குக் கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததும் வலி கண்டது. வளர வேண்டிய பிள்ளைகளை மாமன் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளியே வேலைக்குப் போகிற ஆண்களுக்கு நரைத்துக்கொண்டே வந்தது, வீட்டோடு இருக்கிற பெண்கள் அப்படியே இருந்தார்கள், அப்பனும் மகளும் மாதிரி இருக்கறீங்க என்று யாராவது சொன்னால் சில வீடுகளில் சண்டையும் சில வீடுகளில் சந்தோஷமும் நடந்தது.

பெட்ரோலுக்கு என்ன செய்தாள் என்று கேட்கலாம். கொண்டுவந்து கொடுத்தார்கள். புற்றுநோயில் கிடக்கிற அம்மா இருக்கிற வீட்டுக்காரர்கள், வயசான காலத்தில் ஒற்றைக் காலை மரணத்தில் வைத்திருக்கிற பெரியவர்கள், எல்லாரும் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொண்டுவருகிற மாதிரி ஆளுக்கொரு கேன் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

ஆனால் காது இருக்கிறதே. ராத்திரி பகல் இல்லாமல் எட்டுக் குழாய்ச் சத்தம். பேச்சு என்பதே வீதியில் அருகிப்போய்க் கைச்சாடை வந்துவிட்டது, பெண் பார்க்க வருகிறவர்களைத் தொட்டியடியில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். சங்கத் தலைவர் துரைசாமி ஒரு நாள் மயிலாத்தாளைக் கோட்டுக்கு வெளியே கூப்பிட்டு, “அம்மிணி, எங்களுக்கும் காதுங்கறது ஒண்ணு இருக்குதல்ல? ஒரு சைலன்சர் போடலாமில்ல?” என்றார்.

போட்டுப் பார்த்தாள். சத்தம் அடங்கியது, அடங்கிய சத்தம் பின்கட்டுக்கு எட்டவில்லை, ஒரு மணி நேரத்தில் அர்த்தநாரியின் உதடு நீலம் பாரித்தது. சைலன்சரைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு, சுட்ட கையோடு துரைசாமியின் காலடியில் வந்து உட்கார்ந்தாள். “அண்ணா, அவரு மூச்சு அதுலதானுங்க ஓடுது. என்னைய அடிச்சுக்கூடப் போடுங்க, அதை மட்டும் அடக்கச் சொல்லாதீங்க” என்று அவள் அழுத அழுகையைப் பார்த்தபிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஆயுத பூசைக்குத்தான் மறுபடி சிக்கல் வந்தது. அன்றைக்கு அந்த வீதியில் கத்தரிக்கோல்கூட அசையாது. எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம் வைத்துப் பொரி படைத்து ஓய்வு கொடுப்பார்கள், மறுநாள் காலையில்தான் தொடுவார்கள். மயிலாத்தாளும் அந்த வழக்கத்தில் ஊறினவள்தான், ஓய்வு கேட்கிற இயந்திரத்தை ஓட்டினால் அது திருப்பிக் கேட்கும் என்று நம்புகிறவள். முதல் வருடம் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு நாள் அணைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் மறுநாள் கிளப்புகிற வரைக்கும் கோயிலிலேயே கிடந்தாள். அந்த ஒரு நாளில் மனுசன் முகம் ஒரு சுற்று இளைத்தது. ரெண்டாம் வருடம் முடியாது என்றாள். சங்கம் கூடி மூன்று மணி நேரம் கையாலேயே வாதாடி, கடைசியில் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரை ஆயுத பூசைக்கு யாரும் நிறுத்துவதில்லை, ஆகவே இதுவும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று தீர்மானம் போட்டது. பூசாரி முணுமுணுத்துக்கொண்டே அதிர்கிற பானட்டின் மேல் குங்குமம் வைத்தார், வைக்க வைக்க அது குதித்து விழுந்தது.

இதெல்லாம் வீதியின் கதை. மயிலாத்தாளின் கதை வேறு.

டாக்டர் கொடுத்த பத்தில் ரெண்டு போய் எட்டு. ஆயுத பூசைக்கு ஒன்று போய் ஏழு. வண்டி ஓடுகிற நேரம் இதில் சேராது, நிற்கிற நேரம்தான் கழியும். கொட்டகைச் சுவரில் மணிக்கு ஒரு கோடாக நூற்று அறுபத்தெட்டுச் சாக்பீஸ் கோடு போட்டு வைத்தாள், வண்டி நிற்கிறபோதெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். ஆயில் மாற்றினால் அரைக் கோடு, ஃபேன் பெல்ட் அறுந்தால் கால் கோடு. தூக்கத்தில்கூட அவள் காது எஞ்சினோடு இருந்தது, எட்டில் ஒரு சிலிண்டர் கொஞ்சம் இருமினாலும் வாரிச் சுருட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். ஐயோ, நிற்கப்போகிறதோ, நிற்கப்போகிறதோ என்று அடித்துக்கொள்கிற நெஞ்சோடு ஆறு வருடம் ஒருத்தியால் வாழ முடியுமா என்றால், வாழ்ந்தாள்.

எந்த எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்காது. முதல் வருடக் கடைசியில் புகை கக்கியது. இனி ரீபோர்தான், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து பெரிய பிஸ்டன் போட வேண்டும். மெக்கானிக்குகள் நாலு நாள் கேட்டார்கள். நாலு நாளாவது! மயிலாத்தாள் புருசனிடம் போய் நின்றாள். இந்தச் சத்தத்தில் அவன் காற்றுக்குரல் அவனுக்கே கேட்காது, ஆகவே சிலேட்டில் எழுதினான், இருபது தௌ, அதாவது ஒரு இஞ்சை ஆயிரமாகப் பிரித்ததில் இருபது பங்கு, ரிங் இடைவெளி இத்தனை, போல்ட்டு முறுக்கு இத்தனை என்று எண்ணாகவே எழுதினான். அளவைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் எழுதியறியாத கை அது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்கடியில் புகுந்தாள். வீதி ஆண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், ரெண்டாம் நாள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்கள். ரெண்டே நாளில் முடித்தாள். அடுத்த ரீபோர் நாற்பது தௌ, ஒன்றரை நாள். அதற்கடுத்தது அறுபது, ஒரே நாள். அந்த நாட்களில் அவள் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஒரு வாய்த் தண்ணிக்குக்கூட வெளியே வரவில்லை, முடித்துச் சாவியைத் திருகி எட்டுக் குழாயும் அலறினபிறகுதான் உள்ளே ஓடி அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் அவளைப் பார்த்து உதட்டை அசைப்பான், என்ன சொல்கிறானென்று கேட்காது, வண்டியைப் பற்றித்தான் என்று நினைத்துக்கொண்டு கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள்.

அறுபதுக்கு மேல், எட்டு சிலிண்டரையும் தாங்கி நிற்கிற அந்த பிளாக்கைக் கடைய முடியாது. அதற்கப்புறம் ரெண்டு வருடத்துக்கு மேல் அது ஓடினதே அதிசயம். ஆறாம் வருடச் சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்கு, எஞ்சின் ஒரு மாதிரி கேவியது, ரேடியேட்டர் தண்ணியெல்லாம் ஆவியாகிக் கொட்டகையை மூடியது, பிறகு அந்த வீதியில் யாரும் மறந்தேபோயிருந்த ஒன்று வந்தது, காக்கைகள் கத்துவது கேட்டது. பிளாக் விரிசல் விட்டிருந்தது. சுவரில் முப்பது கோடு மிச்சம்.

மயிலாத்தாள் தலையிலடித்துக்கொண்டு வெல்டிங் காதர் பாய் கடைக்கு ஓடினாள். பாய் வந்து விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார்.

“ஒட்டிரலாம் தங்கச்சி. ஆனா இது வார்ப்பு இரும்பு, அவசரப்பட்டா இன்னும் நாலு எடத்துல பிளக்கும். கரியில போட்டு மெள்ளச் சூடாக்கி, வெல்டு வெச்சு, சாம்பல்ல பொதச்சு, தானா ஆற விடணும். நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக்கூடாது.”

“சீக்கிரம் ஆறாதுங்களா பாய்? ஃபேன் வெக்கறேன், ஐஸு கொண்டாரேன்…”

“நானே நெனச்சாலும் ஆறாது தங்கச்சி.”

எஞ்சினை இறக்கினார்கள். சூடாக்கினார்கள், ஒட்டினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு பிளாக்கைச் சாம்பலுக்குள் இறக்கி மூடினார்கள். சுவரில் இருபது கோடு. மயிலாத்தாள் பிஸ்டன்களைத் துடைத்து வைத்தாள், போல்ட்டுகளைத் துடைத்து வரிசையாக அடுக்கினாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். பிறகு கையில் செய்ய ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ஆறு வருடத்தில் வண்டி நிற்கிறபோது அவள் வீட்டில் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை. கை கழுவலாமென்று பின்கட்டுக்குப் போனாள், போனவள் முற்றத்திலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

யாரோ பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால் அறையில் யாருமில்லை, அவன்தான், கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான். காற்றுக்குரல்தான், ஆனால் அந்த அமைதியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது.

“…அன்னிக்கு உங்கண்ணன் கலியாணத்துல நீ சாம்பார் வாளிய தூக்கிட்டு வந்த. மஞ்சச் சேல. எனக்கு ஊத்தறப்ப எலைக்கு வெளிய ஊத்திட்ட. நாக்கக் கடிச்சுட்டு ஓடுன…”

வாசற்படியில் உட்கார்ந்து மருந்துப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்த ஸ்டெல்லா நிமிர்ந்து பார்த்தாள். “இப்பத்தான் தெரியுமா அக்கா உங்களுக்கு? வண்டி நிக்கற ஒவ்வொரு தடவையும் பேசுவாரு. நின்ன நிமிசத்துல ஆரம்பிச்சா மறுபடி கெளப்பற வரைக்கும் நிறுத்த மாட்டாரு. அத்தனையும் உங்ககிட்ட பேசறதுதான்.”

“என்னைய ஏன்டி கூப்பிடல?”

“கூப்பிடவாங்கண்ணான்னு எத்தன தடவ கேட்டிருப்பேன். வேண்டாம்பாரு. அவ வேலையில நிக்கறா, வேலையில நிக்கறவங்களப் பின்னால இருந்து கூப்பிடக்கூடாது, கை போயிரும்பாரு.”

ஓடுகிற லேத்தில் நிற்கிறவனைக் கூப்பிடாதே என்பது அந்த வீதியில் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கிற சட்டம். மயிலாத்தாள் விரல்விட்டு எண்ணினாள். ரெண்டு நாள், ஒன்றரை நாள், ஒரு நாள் என்று அவள் அடித்துப் பிடித்துக் குறைத்த நேரமெல்லாம் இந்த மனுசன் அவளோடு பேசியிருக்கக்கூடிய நேரம். மாதத்துக்கு ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம் வண்டியை அணைத்துவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தால் போதுமாயிருந்ததே. பாவி, நான் பாவி, உசுரைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு ஆளை விட்டுட்டனே என்று வாய்விட்டே சொன்னாள்.

சுவரில் போய்க் கோடு அழிக்கவில்லை. கை கழுவவில்லை. கிரீஸ் கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். “முடிஞ்சுதா?” என்றான்.

“இல்லைங்க. ஆறிட்டிருக்குது.”

“அப்ப நேரம் இருக்குதா?”

“இருக்குதுங்க. நீங்க பேசுங்க.”

பேசினான். அந்த ராத்திரி முழுக்கப் பேசினான், விடிந்தும் பேசினான். ஃபவுண்டரியில் முதல் கூலி வாங்கின அன்றைக்கு அவன் அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிப்போனதைச் சொன்னான். குழந்தை இல்லையென்று டாக்டர் சொன்ன சாயங்காலம், அவள் ஆஸ்பத்திரி வாசலில் கொய்யாப்பழம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே வந்ததைப் பார்த்து, எத்தனை நெஞ்சுரம் இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்ததைச் சொன்னான். “அன்னிக்கு எனக்குப் பசியில்லைங்க, அழுகை வராம இருக்கத்தான் வாய்ல எதையாவது போட்டேன்” என்றாள் அவள். இது எனக்குத் தெரியாமப் போச்சே என்றான் அவன். ரெண்டு பேரும் அழுதார்கள், நடுவில் எதற்கோ சிரிக்கவும் செய்தார்கள்.

“கதவு சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு மயிலு,” என்றான் ஒரு சமயம். “ஆக்சிலும் சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்பறம் ஏனுங்க பிரிச்சீங்க?”

“வண்டி முடிஞ்சிருச்சுன்னா வூட்டுக்குள்ள வரணுமல்ல. வந்து உன் பக்கத்துல ஒக்காந்து என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியல. ஒவ்வொரு தடவையும் பயந்துட்டேன்.”

காலையில் காதர் பாய் சாம்பலைக் கிளறி பிளாக்கைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்றார். மயிலாத்தாள் வரவில்லை. பாய் யாரையும் அனுப்பிக் கூப்பிடவும் இல்லை, ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்த் தானே எஞ்சினை அடுக்க ஆரம்பித்தார். துரைசாமி பனியனோடு வந்து போல்ட்டு முறுக்கினார். சரசக்கா அன்றைக்கு மாவு அரைக்கவில்லை, கேனில் பெட்ரோல் தூக்கி வந்தாள். அந்தச் சத்தத்தால் தூக்கம் கெட்டவர்கள், வம்பு வளர்த்தவர்கள், சாபம் விட்டவர்கள் எல்லாரும் ஒரு கை போட்டார்கள், சுத்தியலை அதிர வைக்காமல் துணி சுற்றி அடித்தார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டி தயார். யாரும் அழிக்காத அந்தச் சுவரில் கணக்குப்படி ரெண்டு கோடுதான் மிச்சம்.

காதர் பாய் சாவியோடு வந்து வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் வீதியே நின்றது.

“தங்கச்சி. எல்லாம் முடிஞ்சுது. திருகிரட்டுமா?”

மயிலாத்தாள் புருசன் முகத்தைப் பார்த்தாள். போகவிடாதே என்று அவள் உடம்பில் ஒவ்வொரு எலும்பும் கத்தியது. திருகினால் இன்னும் ஆறு வருடமோ அறுபது நாளோ, ஆள் இருப்பான், கையைத் தொட்டால் சூடு இருக்கும், உதடு அசையும். “ஏனுங்க, கெளப்பச் சொல்லட்டுங்களா?” என்று கேட்டாள்.

அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்று. “சத்தத்துக்குள்ள ஊமையாக் கெடந்தேன் மயிலு. இன்னொருக்கா முடியாது. நீ இரு. சொல்லிட்டிருந்தனே, அந்தப் பழனிக்குப் போனது…”

காதர் பாய் மறுபடியும் கேட்டார். “நேரம் போவுது தங்கச்சி. என்ன சொல்ற?”

அவள் அவர் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினாள்.

“கொஞ்சம் இருங்க பாய். அவரு பேசிட்டிருக்காரு.”

பாய் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். வீதியும் உட்கார்ந்தது. பழனிக்குப் போன பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனதை அவன் சொன்னான், தோள் மரத்துப்போயும் அசையாமல் இருந்ததைச் சொன்னான், இறங்க வேண்டிய இடம் வந்தும் எழுப்ப மனசில்லாமல் அடுத்த ஊருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்ததைச் சொன்னான். சொற்களுக்கு நடுவில் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள்.

“அந்த ஊர்ல எறங்கி…” என்றான்.

“ம்.”

“எறங்கி, நீ என்னையப் பாத்து…”

அவள் காத்திருந்தாள். வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது, ஸ்டெல்லா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள், காதர் பாய் எழுந்து நின்றார். மயிலாத்தாள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு, கிரீஸ் கையால் அவன் நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டுக் குனிந்து கேட்டாள்.

“நான் உங்களப் பாத்து? சொல்லுங்க. அப்பறம்?”